பணிப்புரைக்குக் காத்திருந்தவர் எழுதிய பரீட்சை

போன வெள்ளிக்கிழமை பின்னேரம் நீங்கள் நாலைந்து பேராக, பெட்டி நிறைய ரோல்ஸும் பற்றீஸும் வாங்கிக்கொண்டு என் வீட்டுக்கு வந்தபோதே எனக்கு விளங்கிவிட்டது. ஓய்வு பெற்ற இலிகிதரை யாரும் சும்மா சுகம் விசாரிக்க வருவதில்லை. தேத்தண்ணி முடியும் வரைக்கும் என் முழங்கால் வலியைப் பற்றி அக்கறையாகக் கேட்டீர்கள். கோப்பை காலியானதும், இந்த முறைப் பதவி உயர்வுப் பரீட்சைக்கு என்ன கேள்வி வரும் மிஸ் என்று ஆரம்பித்தீர்கள். என்ன கேள்வி வரும் என்று எனக்குத் தெரிந்திருந்தால், ஆயுள் முழுக்க அரசாங்கக் கந்தோரில் காகிதக் கோவை கட்டிக்கொண்டா இருந்திருப்பேன்? கல்முனைச் சந்தியில் வகுப்பு வைத்து மாடிவீடு கட்டியிருப்பேன்.

அன்றைக்கு என் பேரப்பிள்ளைகள் வந்து கூத்தடித்ததில் கதை வேறு பக்கம் போய்விட்டது. சொல்ல நினைத்ததை இப்போது எழுதித் தருகிறேன். இதில் எந்தக் கேள்விக்கும் விடை கிடையாது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு ரோல்ஸை நினைத்து வருத்தப்படக் கூடாது.

முதலில் கையைப் பழக்குங்கள். நீங்கள் எல்லோரும் பெருவிரலால் உலகத்தை ஆளுகிறவர்கள். பேனாவைப் பிடித்து அரை மணித்தியாலம் எழுதினால் கை கழன்று விழும்போல இருக்கிறது என்று என்னிடமே சொன்னீர்கள். பழைய வினாத்தாளை எடுத்து, கடிகாரத்தை முன்னால் வைத்து, கைபேசியை வேறு அறையில் பூட்டிவிட்டு, உண்மையான பரீட்சைபோல ஒரு தாளை முழுசாக எழுதிப் பாருங்கள். வாசித்தது வேறு, எழுதத் தெரிந்தது வேறு. புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு எல்லாம் தெரியும் என்று தலையாட்டுவது இலகு. மூடிவிட்டு எழுதும்போதுதான் எது தெரியாது என்பது தெரியும்.

ஊகித்துப் படிக்கிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. என்னுடன் வேலை செய்த ஒரு பிள்ளை, டெங்கு ஒழிப்பைப் பற்றித்தான் கடிதம் கேட்பார்கள் என்று முடிவுகட்டி, அருமையான கடிதம் ஒன்றை எழுத்துத் தவறாமல் மனனம் செய்துகொண்டு போனாள். வினாத்தாளில் கேட்டது, ஓய்வு பெறும் உத்தியோகத்தருக்கு ஒரு பிரியாவிடை உரை. படித்ததை வீணாக்க அவளுக்கு மனம் வரவில்லை. கந்தோர் வளவில் ஒரு சிரட்டையிலும் தண்ணீர் தேங்க விடாத உத்தமர் என்று அந்த உத்தியோகத்தரைப் புகழ ஆரம்பித்து, நுளம்பின் முட்டை எத்தனை நாளில் பொரிக்கும் என்பதுவரை அவருக்குப் பிரியாவிடை கொடுத்திருக்கிறாள். திருத்தியவர் நன்றாகச் சிரித்திருப்பார். புள்ளி மட்டும் போடவில்லை.

இதெல்லாம் எல்லோரும் விடுகிற பிழைகள். எங்களைப் போலக் கந்தோரில் ஊறிப்போனவர்கள் மட்டும் விடுகிற பிழை ஒன்று இருக்கிறது. அதைச் சொல்வதற்குத்தான் இவ்வளவும் எழுதுகிறேன். அதற்கு இஸ்ஸடீன் காக்காவின் கதையைச் சொல்ல வேண்டும். பெயரை மாற்றித்தான் எழுதியிருக்கிறேன். ஆள் யார் என்று கண்டுபிடிக்காமல் விடமாட்டீர்கள் என்பதும் தெரியும். கண்டுபிடித்தால் உங்களுக்குள் வைத்துக்கொள்ளுங்கள்.

இஸ்ஸடீன் காக்கா என்னைவிட வயதில் கொஞ்சம் மூத்தவர், அதனால்தான் அண்ணன் முறையில் காக்கா. பக்கத்து மேசை. தாபன விதிக்கோவையில் எந்த விதி எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார். கையெழுத்து முத்துமுத்தாக இருக்கும். ஆனால் எதையும் தானாக முடிவெடுக்க மாட்டார். வேலைக்குச் சேர்ந்த புதிதில், வெயிலில் நின்ற சனத்தின் வரிசையை நிழல் பக்கத்து யன்னலுக்கு மாற்றிவிட்டாராம். அப்போதிருந்த கந்தோர்ப் பெரியவர் அத்தனை சனத்துக்கும் முன்னால், யாரைக் கேட்டுச் செய்தீர் என்று கத்தியிருக்கிறார். அன்றைக்கு மூடிய வாய்தான். அதற்குப் பிறகு அவர் மேசைக்கு வருகிற எந்தக் கோவையும், 'தங்கள் மேலான பணிப்புரைக்காகச் சமர்ப்பிக்கின்றேன்' என்ற வரியோடு மேலே போகும்.

அந்த மேலே என்பதில்தான் சங்கடம். எங்கள் கிளைக்குப் பொறுப்பாக றியாஸ் என்று ஒரு இளம் உத்தியோகத்தர் வந்து சேர்ந்தார். திறந்த போட்டிப் பரீட்சையில் முதல் தடவையே சித்தியடைந்தவர். நல்ல குணம், நல்ல பழக்கவழக்கம், தொழுகை தவறாதவர். இஸ்ஸடீன் காக்கா ஆறு மாதம் அவரைக் கண்வைத்துப் பார்த்துவிட்டு, தன் ஒரே மகள் சிபானாவுக்கு மாப்பிள்ளை கேட்டு ஆள் அனுப்பிவிட்டார். அந்த யன்னல் விவகாரத்துக்குப் பிறகு அவர் யாரையும் கேட்காமல் எடுத்த ஒரே முடிவு அதுதான் என்று நாங்கள் பகிடி பண்ணுவோம். கலியாணம் சிறப்பாக நடந்தது. எங்கள் பக்கத்து வழக்கப்படி நற்பிட்டிமுனையில் இருந்த வீட்டை மகளுக்கு எழுதிக் கொடுத்துவிட்டு, காக்காவும் மனைவியும் பின்பக்கம் இரண்டு அறை கட்டிக்கொண்டு ஒதுங்கினார்கள். ஆக, கந்தோரிலும் மருமகனுக்குக் கீழே, வீட்டிலும் மருமகனுக்குப் பின்னே.

எங்கள் வீடுகளில் மருமகன் என்றால் எப்படி என்று உங்களுக்குச் சொல்லித் தரத் தேவையில்லை. மாமனார் அவருக்கு முன்னால் சத்தமாகக் கதைக்க மாட்டார், இதைச் செய் என்று சொல்ல மாட்டார். மருமகனும் மாமாவைக் கண்டால் எழுந்து நிற்பார், இதைச் செய்யுங்கள் என்று சொல்ல மாட்டார். வீட்டில் இது மரியாதை. கந்தோரில் இது பெரிய தலையிடி. எங்கள் மலசலகூடக் கதவின் கொளுக்கி உடைந்தது. காக்கா கோவையில் 'தங்கள் மேலான பணிப்புரைக்காக' என்று எழுதி அனுப்பினார். றியாஸ் 'தாங்கள் உசிதம்போல் ஆவன செய்யவும்' என்று எழுதித் திருப்பினார். காக்கா அதற்குக் கீழே மறுபடியும் பணிப்புரை கேட்டார். கோவை தடித்துக்கொண்டே போனது, கொளுக்கி மட்டும் வரவில்லை. ஒருவர் உள்ளே போனால் மற்றவர் வெளியில் காவல் நிற்க வேண்டும். கடைசியில் நாங்கள் பெண்கள் சேர்ந்து ஒரு கயிற்றைக் கட்டிக்கொண்டோம்.

நாங்கள் சிரித்தோம். ஆனால் றியாஸுக்குச் சிரிப்பு வரவில்லை. தன் மாமா தன் முன்னால் கோவையோடு வந்து கைகட்டி நிற்பதைப் பார்த்து அவர் வெட்கப்பட்டுச் செத்துக்கொண்டிருந்தார். ஒருநாள் கொழும்புக்கு இடமாற்றம் கேட்டு விண்ணப்பம் எழுதிவிட்டார் என்று செய்தி வந்தது. சிபானாவுக்கு அப்போது தலைப்பிள்ளை வயிற்றில். புருஷன் போனால் அவளும் போக வேண்டும். பிள்ளைப்பேறு கொழும்பில், யாரும் இல்லாத இடத்தில். காக்காவின் மனைவி அழுது முகம் வீங்கிப்போனார். காக்கா அழவில்லை. அவர் விதிக்கோவையைத் தூக்கிக்கொண்டு என் மேசைக்கு வந்தார்.

"தங்கச்சி, இந்த முறை பதவி உயர்வுப் பரீட்சைக்கு நீயும் போடுறதானே? நானும் போடுறன். பாஸ் பண்ணினா வேற கந்தோருக்குப் போயிருவன். மறுகா மருமகன் போகத் தேவல்ல. புள்ளயும் வீட்டில இரிக்கும்."

அவருடைய கணக்கு அவ்வளவுதான். தான் விலகினால் மருமகன் இருப்பார். ஏற்கனவே இரண்டு தடவை அந்தப் பரீட்சை எழுதித் தவறியவர். அடுத்த வருடம் வயது எல்லை தாண்டிவிடும். ஆகவே இதுதான் கடைசித் தடவை. மகள் வீட்டில் இருப்பதும் இல்லாததும் ஒரு வினாத்தாளில் வந்து தொங்கிக்கொண்டிருந்தது. 

நாங்கள் இரண்டு பேரும் மதியச் சோற்றுக்குப் பிறகு சேர்ந்து படித்தோம். விதிகளை அவர் எனக்குச் சொல்லித் தந்தார். சத்தியமாகச் சொல்கிறேன், நான் அவ்வளவு காலம் வேலை செய்தும் விளங்காத விடயங்கள் அவர் வாயால் கேட்ட பிறகுதான் விளங்கின. இப்படிப்பட்ட மனிதர் எப்படி இரண்டு தடவை தவறினார் என்று எனக்கு ஆச்சரியம். பேனாவில்தான் பிழை என்பது அவருடைய முடிவு. முதல் தடவை மை கசிந்ததாம், இரண்டாவது தடவை எழுத்து மங்கலாக விழுந்ததாம். இந்த முறை நல்ல பேனாவாக வாங்கி, பள்ளியில் கொடுத்து ஓதி ஊதுவித்து வைத்திருந்தார். ஓதுவதை நான் குறை சொல்லவில்லை, நானும் ஓதின தண்ணீர் குடித்துவிட்டுத்தான் பரீட்சைக்குப் போனேன். ஆனால் பழைய பெறுபேற்றைக் காட்டுங்கள் என்று கேட்டேன். விதிகளுக்கான தாளில் புள்ளிகளை அள்ளியிருந்தார். சம்பவத் தாளில்தான் விழுந்திருந்தார், இரண்டு தடவையும்.

சம்பவத் தாள் என்றால் உங்களுக்குத் தெரியும். ஒரு பிரச்சினையைச் சொல்லி, நீங்கள் பொறுப்பாக இருந்தால் என்ன செய்வீர்கள் என்று கேட்பார்கள். நான் ஒரு பழைய கேள்வியைக் கொடுத்து எழுதச் சொன்னேன். அரை மணித்தியாலத்தில் இரண்டு பக்கம் எழுதித் தந்தார். பிரச்சினை என்ன, எந்த விதி பொருந்தும், என்னென்ன வழிகள் இருக்கின்றன, ஒவ்வொன்றிலும் என்ன நன்மை, என்ன கேடு என்று அச்சுப் புத்தகம்போல இருந்தது. வாசித்துக்கொண்டே வந்து கடைசி வரியில் நான் சிரித்துவிட்டேன். 'எனவே, இவ்விடயம் மேலான பணிப்புரைக்காகச் சமர்ப்பிக்கப்படுகின்றது.'

இன்னொரு கேள்வி கொடுத்தேன். அதிலும் அதே வரி. மூன்றாவதிலும் அதே. தலைமுழுகி எழுந்து கரைக்கு வரும் நேரத்தில் திரும்பவும் கடலுக்குள் போகிற மாதிரி.

"காக்கா," என்றேன், "இந்தக் கேள்வில நீங்கதானே பெரியவர். நீங்க ஆருக்குச் சமர்ப்பிக்கிறீங்க?"

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கேள்வியை இன்னொரு தடவை வாசித்தார். 

"அப்ப மருமகனுக்குத்தான்," என்றார்.

பகிடிக்குச் சொல்லவில்லை, மனிதர் உண்மையாகவே சொன்னார். தம்பி, தங்கச்சிமாரே, இதுதான் நான் சொல்ல வந்த பிழை. வேலை எங்களை ஒரு மாதிரியாகப் பழக்கிவிடுகிறது. அந்தப் பழக்கத்தைப் பரீட்சை மண்டபத்துக்கும் கூட்டிக்கொண்டு போகிறோம். கேள்வியில் 'நீங்கள்' என்று அச்சடித்திருப்பார்கள். நாங்கள் அதை வாசித்துவிட்டு, அந்த நீங்கள் யார் என்று சுற்றுமுற்றும் பார்ப்போம்.

காரணம் தெரிந்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று நினைத்தேன். ஆகவில்லை. அந்த வரியை எழுதாமல் விடச் சொன்னால், விடை அந்தரத்தில் நின்றது. முடிவு என்று ஒன்று வேண்டுமே, அது அவருக்குள் இருந்தால்தானே பேனாவில் வரும். ஆகவே சின்னச் சின்ன விடயங்களில் முடிவெடுத்துப் பழகுங்கள், யாரையும் கேட்கக் கூடாது, தொலைபேசி எடுக்கக் கூடாது என்று சட்டம் போட்டேன். முதல் நாள் சந்தைக்கு மீன் வாங்கப் போனார். பாரையும் இருந்தது, சூரையும் இருந்தது. வீட்டுக்கு அழைப்பு எடுக்க முடியாது. இரண்டையும் வாங்கிக்கொண்டு வந்தார். அது முடிவில்லை, பயம் என்றேன். அடுத்த தடவை ஒன்றையும் வாங்காமல் வந்தார். அன்றைக்கு அவர் வீட்டில் பருப்புக்கறி. மூன்றாவது தடவை வெறும் கீரிமீனோடு வந்து, "நான்தான் சொல்லி வாங்கின," என்று பெருமையாகச் சொன்னார். கீரிமீனைப் பார்த்து மனைவி என்ன சொன்னார் என்பதை அவர் எனக்குச் சொல்லவில்லை.

ஆனாலும் சம்பவத் தாள் கடைசிவரை அவருக்கு வசப்படவில்லை. பரீட்சைக்கு முதல்நாள் எழுதிப் பார்த்த விடையிலும், பணிப்புரை வரி போய், 'தகுந்த நடவடிக்கை எடுக்கப்படும்' என்று வந்திருந்தது. யாரால் எடுக்கப்படும் காக்கா என்று கேட்டேன். அவர் தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். அன்றைக்கு எனக்கு அவர் மேல் நம்பிக்கை போய்விட்டது என்றே சொல்ல வேண்டும்.

பரீட்சை, மாரி காலத்தில் ஒரு சனிக்கிழமை. மண்டபம் எங்கள் ஊர்ப் பக்கத்துப் பாடசாலை ஒன்றின் பழைய கட்டடம். காலையில் விதித் தாள் நன்றாகப் போனது. பகல் சம்பவத் தாள். அவர் எனக்கு முன்னால் உள்ள மேசையில் இருந்தார், அவருடைய முதுகு எனக்கு நன்றாகத் தெரிந்தது. ஒரு விடயத்தை இங்கே இடையில் சொல்லிவிடுகிறேன்: பகல் தாளுக்கு முன்னால் வயிறு நிறையச் சாப்பிடாதீர்கள். எனக்குப் பக்கத்து வரிசையில் இருந்தவர் புரியாணி சாப்பிட்டுவிட்டு வந்து, முதல் கேள்விக்கும் இரண்டாம் கேள்விக்கும் இடையில் ஒரு நல்ல தூக்கம் போட்டார்.

எழுத ஆரம்பித்துக் கொஞ்ச நேரத்தில் மழை பிடித்தது. சும்மா மழையில்லை. கூரைத் தகட்டில் கல் கொட்டுவதுபோலச் சத்தம். பிறகு எங்கள் பக்கத்துக் கூரை ஒழுக ஆரம்பித்தது. முதலில் நிலத்தில் விழுந்த சொட்டு, பிறகு மேசைகளில் விழுந்தது. ஒவ்வொருவராக விடைத்தாளைத் தூக்கி நெஞ்சோடு அணைத்துக்கொண்டோம். மண்டபத்தின் மற்றப் பக்கம் காய்ந்து கிடந்தது. மேசையை நகர்த்தினால் போதும். ஆனால் மேசைகள் பரீட்சைச் சுட்டெண் ஒழுங்கில் போடப்பட்டவை, அந்த ஒழுங்கை மாற்றக் கூடாது.

மேற்பார்வையாளர் நல்ல மனிதர், கொஞ்சம் பயந்த சுபாவம். எல்லோரும் இருந்த இடத்தில் இருங்கள், மேலிடத்தில் கேட்டுச் சொல்கிறேன் என்று கைபேசியை எடுத்தார். மறுமுனையில் ஆள் இல்லை. இன்னொரு இலக்கத்துக்கு எடுத்தார், அதுவும் இல்லை. மழையில் தொடர்பு விட்டு விட்டு வந்தது. மண்டபத்தில் இருந்த எல்லோரும் எங்களைப்போல வருடக்கணக்காகக் கோவை பார்த்தவர்கள். ஒருவராவது எழும்ப வேண்டுமே. நான் உட்பட அத்தனை பேரும் விடைத்தாளை அணைத்துக்கொண்டு, தலையில் தண்ணீர் சொட்டச் சொட்ட, பணிப்புரைக்குக் காத்திருந்தோம். நேரம் போய்க்கொண்டே இருந்தது. நினைத்துப் பார்த்தால் இப்போது வயிறு வலிக்கச் சிரிக்கிறேன். அன்றைக்கு அழுகைதான் வந்தது.

இஸ்ஸடீன் காக்காவின் விடைத்தாளின் ஓரத்தில் ஒரு சொட்டு விழுந்து மை பரவியது. அவர் அதைப் பார்த்தார். கைபேசியோடு நின்ற மேற்பார்வையாளரைப் பார்த்தார். அவருடைய முதுகு நிமிர்ந்ததை நான் பின்னாலிருந்து கண்டேன். பிறகு எழுந்து நின்றார்.

"சேர், இந்த மூணு வரிசையையும் அப்படியே அந்தப் பக்கம் தள்ளுவம். இரிக்கிற ஒழுங்கு மாறாது, இடைவெளியும் குறையாது. போன நேரத்தக் குறிச்சி வெச்சி, கடைசில அதக் குடுங்க. நாளைக்கு ஆரும் கேட்டா என்ட சுட்டெண்ண எழுதி வைங்க, நான்தான் சொன்ன எண்டு."

சத்தம் போட்டுக்கூடச் சொல்லவில்லை. ஆனால் மழைச் சத்தத்துக்கு மேலாகக் கேட்டது. மேற்பார்வையாளரின் முகத்தில் வந்த நிம்மதியைப் பார்க்க வேண்டும். யாரோ ஒருவர் சொல்லிவிட்டார், அவருக்கு அது போதுமாக இருந்தது. சரி, அப்படியே செய்யுங்கள் என்றார். முன் வரிசையில் இருந்து ஒவ்வொருவராக மேசையைத் தூக்கினோம். யாரும் யாருடைய தாளையும் பார்க்காதபடி, தாள்களைக் கவிழ்த்து வைக்கச் சொன்னதும் காக்காதான். ஐந்து பத்து நிமிடத்தில் எல்லோரும் காய்ந்த பக்கத்தில் இருந்தோம். புரியாணிக்காரரும் விழித்துக்கொண்டார்.

காக்கா கதிரையில் அமர்ந்து வினாத்தாளைப் புரட்டினார். கட்டாயக் கேள்வி இதுதான்: உங்கள் மேலதிகாரி வெளிநாடு சென்றிருக்கும் வேளையில், குடிநீர் வராத கிராமத்து மக்கள் கந்தோரைச் சூழ்ந்துகொண்டுள்ளனர். பொறுப்பாக இருக்கும் நீங்கள் எடுக்கும் தீர்மானங்களை எழுதுக. காலையில் இருந்து என்னுடைய பயமெல்லாம் இந்த மாதிரிக் கேள்விதான். அவர் பேனாவை எடுத்தார். பிறகு அவருடைய தலை நிமிரவே இல்லை. மேலதிகத் தாள் கேட்டு இரண்டு தடவை கை உயர்த்தினார். பின்னால் இருந்த எனக்கு ஒன்றும் வாசிக்க முடியாது, வாசிக்கவும் கூடாது. ஆனால் ஒவ்வொரு வசனத்தின் முடிவிலும் அவர் வைத்த முற்றுப்புள்ளி மேசையில் தட்டுகிற சத்தம் கேட்டது.

முடிந்ததும் இரண்டு பேரும் ஒரே முச்சக்கரவண்டியில் ஏறினோம். வீதியெல்லாம் வெள்ளம். நற்பிட்டிமுனைப் பக்கம் வயல்கள் ஒரே தண்ணீராகக் கிடந்தன. எப்படி எழுதினீர்கள் என்று கேட்டேன். என்ன முடிவெடுத்தீர்கள் என்றும் கேட்டேன். அவர் வேறு எதையோ யோசித்துக்கொண்டு வந்தார். நான் தொப்பலாக நனைந்திருந்ததால், வீட்டில் இறங்கித் தேத்தண்ணி குடித்துவிட்டுப் போகச் சொன்னார்.

வீட்டு முன்மண்டபத்தில் றியாஸ் கதிரையில் இருந்தார். மாமாவைக் கண்டதும் வழமைபோல எழுந்தார். சிபானா துவாய் கொண்டுவந்து கொடுத்தாள், வயிறு நல்ல பெரிதாகத் தெரிந்தது. காக்கா தலையைத் துடைக்கவில்லை. துவாயைக் கையில் வைத்துக்கொண்டு நேராக மருமகனுக்கு முன்னால் போய் நின்றார்.

"மகன், கொழும்புக்குப் போக வேணாம்."

 அடுப்படிக்குள் பாத்திரச் சத்தம் நின்றது. மாமனார் மருமகனிடம் இதைச் செய், இதைச் செய்யாதே என்று சொல்கிறதை அந்த வீடு அன்றைக்குத்தான் கேட்கிறது. எனக்கு எந்தப் பக்கம் பார்ப்பது என்று தெரியவில்லை. காக்கா அதோடு நிறுத்தவில்லை. கந்தோரில் எப்படி இருக்க வேண்டுமோ அப்படி இருங்கள், என்னை வேலை வாங்குங்கள், பிழை விட்டால் கேளுங்கள், எனக்கு அதில் ஒரு குறையும் இல்லை என்றார். எனக்கு வெட்கம் இல்லை, என் பிள்ளையும் பேரப்பிள்ளையும் கண்ணுக்கு முன்னால் இருக்க வேண்டும், அதுதான் எனக்கு வேண்டும் என்றார்.

றியாஸ் தலையைக் குனிந்துகொண்டு நின்றார். 

"அந்த விண்ணப்பத்த நான் இன்னும் குடுக்கல்ல மாமா. எழுதி வெச்சிட்டு, நீங்க என்ன சொல்றீங்க எண்டு பாத்துட்டு இருந்தன். நீங்க ஒண்டுமே சொல்லல்ல. நான் போறதுதான் உங்களுக்கு விருப்பம் எண்டு நினைச்சிட்டன்."

அங்கேயும் ஒரு கோவை பணிப்புரைக்காகக் கிடந்திருக்கிறது, பாருங்கள். மாமா பதவி உயர்ந்து விலகிப் போய் மருமகனை நிறுத்தப் பார்த்திருக்கிறார். மருமகன் விலகிப் போய் மாமாவின் மரியாதையைக் காப்பாற்றப் பார்த்திருக்கிறார். இரண்டு பேரும் ஒரே சுவருக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் இருந்துகொண்டு ஒருவர் வாயை ஒருவர் பார்த்திருக்கிறார்கள். சிபானா அழுதாளா சிரித்தாளா என்று எனக்குத் தெரியாது, துவாயைப் பறித்துத் தன் முகத்தை மூடிக்கொண்டாள். எனக்கு அன்று தேத்தண்ணியோடு வட்டிலப்பமும் கிடைத்தது.

திங்கட்கிழமை கந்தோரில் றியாஸ் முதல்முறையாக ஒரு கோவையைக் கண்டிப்பான பணிப்புரையோடு திருப்பி அனுப்பினார். 'இதனைத் தாங்களே தீர்மானித்து, இன்றே முடித்துத் தரவும்' என்று எழுதியிருந்தார். காக்கா அதை என்னிடம் கொண்டுவந்து காட்டினார். ஏச்சு வாங்கியவர்போல இல்லை, பரிசு வாங்கியவர்போல இருந்தார்.

நீங்கள் பரீட்சைக்குப் போகிற அன்று இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். விதிகளைப் படியுங்கள், அது இல்லாமல் ஒன்றும் நடக்காது. நேரத்தைப் பங்குபோடுங்கள், ஒரு கேள்வியில் மயங்கி மற்றதை விட்டுவிடாதீர்கள். ஆனால் வினாத்தாள் 'நீங்கள்' என்று கேட்கிற இடத்தில் ஒளிந்துகொள்ளாதீர்கள். பிழையான முடிவுக்கும் திருத்துகிறவர் பாதிப் புள்ளியாவது போடுவார். முடிவே இல்லாத விடைக்கு அவர் எதைத் திருத்துவது? ஒரு பயந்த மனிதர், கடைசி வாய்ப்பில், மழையில் நனைந்துகொண்டு இதைக் கண்டுபிடித்தார். உங்களுக்குக் கூரை ஒழுகும்வரை காத்திருக்கத் தேவையில்லை.

பெறுபேறு வர மாதக்கணக்கானது. நான் சித்தியடைந்தேன். காக்கா என்னைவிடக் கூடுதலான புள்ளிகளோடு சித்தியடைந்திருந்தார், அதிலும் சம்பவத் தாளில்தான் ஆகக் கூடுதல். எனக்குக் கொஞ்சம் பொறாமைதான், அதை மறைக்கவில்லை. ஆனாலும் நல்ல செய்தியை முதலில் நான்தான் சொல்ல வேண்டும் என்று உடனே அழைப்பு எடுத்து, சந்தோசத்தில் காது கிழியக் கத்தினேன். மறுமுனையில் அவர் கிசுகிசுத்தார்.

"நல்லம் தங்கச்சி. கொஞ்சம் மெதுவாக் கதை. பேரன் இப்பதான் நித்திர."